தராசுக்குள்ளே என்ன இருக்கு? ஐ.சி. பற்றி ஒரு பாடம்



டி.வி., செல்போன், கரண்ட் அடுப்பு, எடைத்தராசு என்று எது ரிப்பேர் ஆனாலும் கடைக்காரர் பின்மூடியைக் கழற்றுவார். ஒரு பச்சைப் பலகையைக் காட்டி, "ஐ.சி. போயிடுச்சும்மா, போர்டையே மாத்தணும்" என்பார். நாமும் தலையை ஆட்டி, காசைக் கொடுத்துவிட்டு வருகிறோம். ஐ.சி. என்றால் என்ன, அது எப்படிப் போகும் என்று கேட்க நமக்கு வாய் வருவதில்லை. கேட்டால் சிரிப்பார்களோ என்ற கூச்சம்தான் காரணம்.

அதனால் இந்த மாதப் பாடமாக ஐ.சி.யை எடுத்துக்கொண்டோம். எல்லாப் பொருளையும் பற்றிப் பேசினால் பக்கம் போதாது. முக்கியமாக ஒரே ஒரு பொருளைப் பார்ப்போம்: கம்ப்யூட்டர் தராசு. நம் புளி, கடலை, மல்லிகைப்பூ, காய்கறி எல்லாம் அதில் ஏறி இறங்கித்தான் பணமாகிறது. மசாலாப் பொடி அரைத்து பாக்கெட் போடும் குழுக்களும் அதை நம்பித்தான் பாக்கெட் போடுகின்றன. டி.வி. கெட்டால் ஒரு நாள் நாடகம் போகும். தராசு கெட்டால், அல்லது யாராவது அதைக் கெடுத்தால், வருஷ உழைப்பில் ஒரு பங்கு போய்விடும்.

பூரான் மாதிரி ஒரு கறுப்புத் துண்டு

அந்தப் பச்சைப் பலகையில் இரண்டு பக்கமும் கால் நீட்டிக்கொண்டு, பூரான் மாதிரி கறுப்பாகச் சில துண்டுகள் ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவைதான் ஐ.சி. சில்லு, சிப் என்றும் சொல்லுவாங்க. பள்ளிக்கூடப் புத்தகத்தில் தொகுப்புச் சுற்று என்று போட்டிருக்கும். கண்ணுக்குத் தெரியும் கறுப்பு, வெறும் பிளாஸ்டிக் மூடிதான். உண்மையான சில்லு அதற்குள்ளே இருக்கிறது. தராசு மாதிரிச் சின்னச் சாமான்களில் அது ஒரு எள்ளு, மிஞ்சிப்போனால் ஒரு கடுகு அளவுதான் இருக்கும்.

அந்த எள்ளுக்குள் என்ன இருக்கிறது? மடைகள் இருக்கின்றன. வாய்க்காலில் மடையைத் திறந்தால் தண்ணீர் பாயும், அடைத்தால் நிற்கும் இல்லையா? அதேபோல் மின்சாரத்தைத் திறந்து அடைக்கும் மடைக்கு டிரான்சிஸ்டர் என்று பெயர். அந்தக் காலத்தில் கையடக்க ரேடியோவையே நம் பெரியவர்கள் 'டிரான்சிஸ்டர்' என்பார்கள். உள்ளே ஆறேழு டிரான்சிஸ்டர் இருந்ததால் வந்த பெயர் அது. வாய்க்கால் மடையைத் திறக்க மண்வெட்டி வேண்டும். இந்த மடையைத் திறக்க இன்னொரு சின்ன மின்சாரமே போதும். அதனால் ஒரு மடை இன்னொரு மடையைத் திறக்கும், அது மூன்றாவதை அடைக்கும். திறந்தால் 1, அடைத்தால் 0 என்று வைத்துக்கொண்டு, ஆயிரக்கணக்கான மடைகளைச் சரியாகக் கோத்துவிட்டால் கூட்டல், கழித்தல், பெருக்கல் எல்லாம் போடலாம். கம்ப்யூட்டர் என்று நாம் மலைத்துப் பார்ப்பதன் அடி இதுதான்.

1950களில் இந்த மடைகளை ஒவ்வொன்றாகச் செய்து, கம்பி வைத்துக் கையால் பற்றவைத்தார்கள். ஆயிரம் மடை என்றால் பல ஆயிரம் பற்று. ஒரு பற்று விட்டாலும் மொத்தமும் வேலை செய்யாது. 1958-ல் அமெரிக்காவில் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்தவர் ஜாக் கில்பி. கோடையில் மற்றவர்கள் எல்லோரும் லீவில் போய்விட்டார்கள். புதியவருக்கு லீவு கிடையாது. தனியாக உட்கார்ந்து யோசித்தவருக்கு, எல்லாவற்றையும் ஒரே துண்டிலேயே செய்துவிட்டால் என்ன என்று தோன்றியது. அந்த வருஷம் செப்டம்பர் 12-ம் தேதி அதைச் செய்து காட்டினார். அடுத்த வருஷம் ராபர்ட் நாய்ஸ் என்பவர், சிலிக்கான் துண்டின் மேலேயே உலோகக் கோடு போட்டு மடைகளை இணைக்கும் வழியைச் சொன்னார். இன்றைய சில்லுகள் அந்த வழியில் வந்தவைதான். கில்பிக்கு 2000-ம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது. நாய்ஸ் 1990-லேயே இறந்துவிட்டார்.

சிலிக்கான் என்பது மணலில் இருக்கும் பொருள். அதைப் பிரித்து, உருக்கி, மிக மிகச் சுத்தமாக்கி, தூண் மாதிரி வளர்த்து, அப்பளம் போல மெல்லிசாக அறுக்கிறார்கள். பெரிய ஆலைகளில் அந்தத் தட்டு 30 சென்டிமீட்டர் அகலம், தோசைக்கல் அளவு. கனம் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. ஓட்டை போட்ட கோல அச்சைத் தரையில் வைத்து மாவைத் தூவினால் கோலம் விழுகிறதே, அதுபோல இங்கே அச்சின் வழியாக ஒளியைப் பாய்ச்சுகிறார்கள். ஒளி பட்ட இடம் ஒரு மாதிரி, படாத இடம் ஒரு மாதிரி ஆகும். அதை மருந்தில் அரித்து, மேலே இன்னொரு கோலம், அதற்கு மேல் இன்னொன்று என்று அடுக்கடுக்காகப் போடுகிறார்கள். ஒரு தூசி விழுந்தாலும் அந்த இடத்துச் சில்லு வீண். அதனால் அங்கே வேலை செய்பவர்கள் கண் மட்டும் தெரியும்படி உடம்பு முழுக்க மூடிக்கொள்கிறார்கள். கடைசியில் தட்டைச் சின்னச் சின்னதாக வெட்டினால் ஒரே தட்டில் நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான சில்லுகள். மொத்தமாகச் செய்வதால்தான் விலை இவ்வளவு மலிவு. 1971-ல் இன்டெல் கம்பெனி விற்ற 4004 என்ற சில்லில் சுமார் 2,300 மடைகள் இருந்தன. 2021-ல் வந்த ஒரு விலை உயர்ந்த செல்போனின் சில்லில் 1,500 கோடி மடைகள்!

இதில் பெண்களின் கை எங்கே என்று கேட்பீர்கள். வெட்டிய சில்லை எடுத்து, தலைமுடியைவிட மெல்லிய கம்பியால் அதன் கால்களோடு இணைக்க வேண்டும். ஆரம்ப காலத்தில் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து இந்த வேலையைச் செய்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் ஷிப்ராக் என்ற ஊரில், நவாஹோ என்னும் பழங்குடி மக்களின் நிலத்தில், 1965-ல் ஃபேர்சைல்ட் கம்பெனி ஒரு ஆலை திறந்தது. நவாஹோ பெண்கள் கம்பளம் நெய்வதில் பேர்போனவர்கள். கம்பளம் நெய்யும் விரலுக்குச் சில்லு வேலை தானாக வரும் என்று கம்பெனி பெருமையாக விளம்பரம் செய்தது. விரலைப் புகழ்கிறவர்கள் சம்பளத்தைப் பற்றி அதே சத்தத்தில் பேசுவதில்லை என்பது பூக்கட்டுகிற, பீடி சுற்றுகிற நமக்குத் தெரியாததா? 1975-ல் அங்கே போராட்டம் வந்தது. கம்பெனி ஆலையை மூடிவிட்டுப் போனது. நம் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் செல்போன் ஆலைகளில் பலகைமேல் சில்லு ஏற்றும் வரிசையிலும் நம் கிராமத்துப் பெண்பிள்ளைகள்தான் நிறைய நின்றார்கள். அங்கே 2006-ல் தொடங்கிய நோக்கியா ஆலை 2014-ல் மூடப்பட்டதை மறந்திருக்க மாட்டீர்கள்.

சரி, தராசுக்கு வருவோம்.

எடைக்கல் எங்கே போச்சு?

பழைய தட்டுத் தராசில் ஒரு பக்கம் எடைக்கல், ஒரு பக்கம் சரக்கு. கல்லும் சரக்கும் எதிரெதிரே இருக்கும். முள் நடுவில் நிற்கிறதா என்று எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகூடப் பார்த்துவிடுவாள். கம்ப்யூட்டர் தராசில் கல்லே இல்லை. பிறகு எதை வைத்து எடை சொல்கிறது?

தட்டுக்குக் கீழே ஒரு அலுமினியக் கட்டை இருக்கும். அதற்கு லோடு செல் என்று பெயர். சரக்கை வைத்ததும் அந்தக் கட்டை கண்ணுக்குத் தெரியாத அளவு வளையும். கட்டைமேல் ஒட்டியிருக்கும் மெல்லிய உலோகப் பட்டைகளும் கூடவே இழுபடும், அமுங்கும். அப்போது அவற்றில் ஓடும் மின்சாரம் துளி மாறும். துளி என்றால், தராசு தாங்கும் முழு எடையை ஏற்றினாலும் ஒரு வோல்ட்டில் நூறில் ஒரு பங்குக்குப் பக்கம்தான். ஒரு டார்ச் செல்லே ஒன்றரை வோல்ட் என்பதை நினைத்துப் பாருங்க.

இந்தத் துளி மாற்றத்தைப் பிடிப்பதுதான் முதல் ஐ.சி.யின் வேலை. பல தராசுகளில் எச்.எக்ஸ்.711 என்ற 16 கால் சில்லு இருக்கும். வந்த மின்சாரத்தை 128 மடங்கு பெருக்கி, அதை ஒரு எண்ணாக மாற்றி, நொடிக்கு 10 முறை அடுத்த ஐ.சி.க்கு அனுப்பும். அது கிலோ கணக்கு இல்லை, வெறும் எண். தட்டு காலியாக இருக்கும்போது 82,000 என்று வந்தது, 10 கிலோ எடைக்கல்லை வைத்ததும் 5,82,000 ஆனது என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 5,00,000. அப்படியானால் 50,000 ஏறினால் ஒரு கிலோ. இந்த 50,000 என்ற கணக்கைத் தராசு செய்கிற இடத்தில் உண்மையான எடைக்கல்லை வைத்துக் கண்டுபிடித்து, நினைவுச் சில்லில் எழுதிவிடுவார்கள். கரண்ட் போனாலும் அது அழியாது. அப்புறம் நீங்கள் கத்தரிக்காயை வைத்தால், இரண்டாவது ஐ.சி. வந்த எண்ணிலிருந்து காலித்தட்டின் எண்ணைக் கழித்து, 50,000-ஆல் வகுத்து, விடையைச் சிவப்பு எழுத்தில் காட்டுகிறது.

இதுதான் பாடத்தின் நடு முடிச்சு, இன்னொரு தரம் படியுங்கள். பழைய தராசு உங்கள் கண்முன் கல்லோடு ஒப்பிட்டது. புதுத் தராசு, என்றைக்கோ ஒருநாள் பார்த்த கல்லின் நினைவை வைத்துச் சொல்கிறது. நினைவில் எழுதியிருக்கும் எண் சரியாக இருந்தால் சொல்வதும் சரி. அங்கே 50,000-க்குப் பதில் 52,600 என்று யாராவது மாற்றி எழுதினால், உங்கள் ஒரு கிலோவை 950 கிராம் என்று அதே பளிச்சென்ற எழுத்தில் காட்டும். ஐ.சி. பொய் சொல்லாது, உண்மையும் சொல்லாது. கொடுத்த எண்ணால் வகுக்கும், அவ்வளவுதான்.

கிலோவுக்கு 50 கிராம்தானே என்று விட்டுவிடலாமா? 100 கிலோ புளி போட்டால் 5 கிலோ காணோம். கிலோ 120 ரூபாய் என்றால் 600 ரூபாய். குழுவில் 12 பேரும் ஆளுக்கு 100 கிலோ போட்டால் 7,200 ரூபாய். அந்தப் பணத்துக்குத்தான் நாம் கூட்டத்தில் ஒரு மணி நேரம் வட்டிக் கணக்குப் பார்க்கிறோம்.

சோதித்துப் பார்க்கும் விதம்

குழுவுக்கு முத்திரை போட்ட 5 கிலோ இரும்பு எடைக்கல் ஒன்று வாங்கி வையுங்கள். தராசை வாங்குகிறோமோ இல்லையோ, இது கட்டாயம். சரக்கு போடுவதற்கு முன் அந்தக் கல்லை வியாபாரியின் தராசில் வைத்துப் பார்க்கலாம். நல்ல வியாபாரி கோபப்பட மாட்டார், அவருக்கும் அது நல்லதுதான். நடுவில் வைத்துப் பார்த்தபின், நாலு மூலையிலும் தள்ளி வைத்துப் பாருங்கள். மூலைக்கு மூலை எடை மாறினால் தட்டோ லோடு செல்லோ சரியில்லை.

5 கிலோவுக்குச் சரியாகக் காட்டும் தராசு 50 கிலோவுக்குத் தப்பாகக் காட்டலாம். அதற்கு ஒரு வழி: மூட்டையை முழுசாக எடை போட்டுக் குறித்துக்கொண்டு, அதே சரக்கை மூன்று நாலு பங்காகப் பிரித்து எடை போட்டுக் கூட்டுங்கள். சாக்கு எடையைக் கழிக்க மறக்காதீங்க. இரண்டு கணக்கும் ஒத்துப்போக வேண்டும். ஆனால் இந்தச் சோதனை மட்டும் போதாது. எல்லா எடையையும் ஒரே விகிதத்தில் குறைத்துக் காட்டும் தராசு இதில் மாட்டாது. அதைப் பிடிக்கக் கல்தான் வேண்டும்.

அடுத்தது 'டேர்' பட்டன். கூடையின் எடையைக் கழிக்க வைத்திருப்பது அது. காலிக் கூடையை வைத்து டேர் அமுக்கினால் ஜீரோ வரும். அதற்குப் பிறகு சரக்கின் எடை மட்டும் தெரியும். ஆனால் பெரிய கூடைக்கு டேர் போட்டுவிட்டு, சரக்கைச் சின்னக் கூடையில் எடை போட்டால் நம் பணம் போகும். இதைக் கண்டுபிடிப்பது ரொம்பச் சுலபம். தட்டில் இருப்பதையெல்லாம் எடுத்ததும் கூடை எடை கழித்தல் குறியோடு தெரியும். கூடை 2 கிலோ என்றால் −2.000 என்று நிற்க வேண்டும். −2.500 என்று நின்றால் அந்த அரை கிலோ எங்கே என்று கேளுங்கள். இன்னொன்று, தட்டில் ஏதோ இருக்கும்போதே தராசை ஆன் செய்தால், பல தராசுகள் அந்த எடையையே ஜீரோவாக எடுத்துக்கொள்ளும். அதனால் காலித் தட்டில்தான் ஆன் செய்ய வேண்டும்.

ரிமோட் வைத்து எடையைக் கூட்டிக் குறைக்கும் தராசுகளை நம் நாட்டில் பல ஊர்களில் பிடித்திருக்கிறார்கள். உள்ளே கூடுதலாக ஒரு சின்னப் பலகையை ஒட்டி, வரும் எண்ணை மாற்றுகிற வேலை அது. கல்லை முதலில் ஒரு தரம் வைத்துவிட்டு நின்றுவிடாமல், நடுவில் ஒரு தரம், கடைசியில் ஒரு தரம் வைப்பது இதற்காகத்தான்.

முத்திரையும் சட்டமும்

நினைவுச் சில்லில் இருக்கும் எண்ணை யாரும் தொடக்கூடாது என்றுதான் தராசுக்கு சீல் வைக்கிறார்கள். சட்டமுறை எடையளவுச் சட்டம், 2009-ன்படி வியாபாரத்துக்குப் பயன்படும் தராசை அரசு அலுவலர் சோதித்து முத்திரை போட வேண்டும். இரும்பு எடைக்கல்லுக்கு 24 மாதத்துக்கு ஒரு முறை, கம்ப்யூட்டர் தராசுக்கு 12 மாதத்துக்கு ஒரு முறை. கல் தேயத்தான் செய்யும், ஆனால் மெதுவாகத் தேயும். நினைவை நம்பி ஓடும் தராசுக்கு அடிக்கடி பரீட்சை வேண்டும் என்று சட்டம் எழுதியவர்களுக்கும் தோன்றியிருக்கிறது. நம் மாநிலத்தில் இதைத் தொழிலாளர் துறை பார்க்கிறது. சோதித்ததற்குச் சான்றிதழ் தருவார்கள். அதைக் கடையில் எல்லோர் கண்ணிலும் படும்படி வைக்க வேண்டும். "சான்றிதழைக் காட்டுங்கண்ணே" என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. ஏமாற்று என்று தெரிந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசலாம்.

இதே சட்டம் நமக்கும் பொருந்தும். ஊறுகாயும் பொடியும் பாக்கெட் போட்டு விற்கும் குழுக்கள் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சமையலறைத் தராசை வைத்து வேலையை முடிக்கக் கூடாது. அரசு அனுமதித்த மாடலுக்குத்தான் முத்திரை கிடைக்கும், அந்த மாதிரித் தராசுக்குக் கிடைக்காது. வாங்கும்போதே கேட்டு வாங்குங்கள்.

"ஐ.சி. போயிடுச்சு"

இப்போது ரிப்பேர் கடைக்கு வருவோம். சில்லுக்குள் அசைகிற, தேய்கிற பாகம் ஒன்றும் கிடையாது. அதனால் சும்மா இருக்கும்போது அது கெடுவது குறைவு. இடி மின்னல், ஓல்டேஜ் ஏற்றம், தண்ணீர், சூடு இந்த நாலும்தான் அதன் எதிரிகள். தராசு வேலை செய்யவில்லை என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அடாப்டர், பேட்டரி, ஸ்விட்ச், லோடு செல்லிலிருந்து வரும் மெல்லிய ஒயர் ஆகியவற்றைத்தான். எலி கடித்த ஒயர்களும் உண்டு. இவை சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தானே ஐ.சி. என்று சொல்கிறீர்கள் என்று கேளுங்கள். மாற்றினால் பழைய பாகத்தைக் கையில் வாங்குங்கள். உண்மையிலேயே ஐ.சி. போயிருந்தால், அதை மட்டும் மாற்ற முடியுமா, போர்டையே மாற்ற வேண்டுமா என்று கேட்கலாம். சில பலகைகளில் சில்லை நேராக ஒட்டி மேலே கறுப்புப் பசையைச் சொட்டாக விட்டிருப்பார்கள். அதைத் தனியாகப் பிரிக்க முடியாது. அங்கே கடைக்காரர் போர்டு மாற்றச் சொல்வது நியாயம்தான். எப்படியானாலும் ரிப்பேருக்காக சீல் உடைந்தால் மறுபடி முத்திரை வாங்கிய பிறகுதான் வியாபாரத்துக்கு எடுக்க வேண்டும்.

தராசைத் தண்ணீர் ஊற்றிக் கழுவாதீர்கள், பிழிந்த துணியால் துடைத்தால் போதும். உப்பும் புளியும் எடை போடுகிறவர்கள் அன்றன்றைக்கே துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஐ.சி.யின் கால்கள் பச்சை பூத்து அரித்துப்போகும். மழைக்காலத்தில் வேலை முடிந்ததும் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். பிள்ளைகளைத் தட்டில் ஏறி உட்கார விடாதீங்க. தாங்கும் எடைக்கு மேல் ஏறினால் அலுமினியக் கட்டை ஒரேயடியாக வளைந்துவிடும், அப்புறம் எந்த ஐ.சி.யாலும் சரியான எடை சொல்ல முடியாது.

ஏ.டி.எம். கார்டில் தங்க நிறத்தில் சதுரமாகத் தெரிகிறதே, அதற்குப் பின்னாலும் ஒரு ஐ.சி.தான். பழைய கார்டில் பின்பக்கம் இருந்த கறுப்புப் பட்டையைக் காப்பி அடிக்க முடிந்தது. அதனால் 2018 டிசம்பர் முடிவுக்குள் சில்லு கார்டுக்கு மாறச் சொன்னது ரிசர்வ் வங்கி. இந்தச் சில்லு ஒவ்வொரு தடவையும் புதிய ரகசிய எண்ணைக் கணக்கிட்டு அனுப்பும், ஆகவே காப்பி அடிப்பது கஷ்டம். ஆனால் போனில் யாரோ கேட்டார்கள் என்று பின் நம்பரை நாமே சொல்லிவிட்டால் சில்லு என்ன செய்யும்? நம் மாநிலத்தில் 2017-ல் கொடுக்கத் தொடங்கிய ரேஷன் ஸ்மார்ட் கார்டில் இருப்பது கட்டம் கட்டமான கியூ.ஆர். படம்தான், சில்லு கிடையாது. பேர்தான் ஸ்மார்ட்!

அடுத்த குழுக் கூட்டத்துக்குத் தராசு வைத்திருக்கும் குழுக்கள் அதைத் தூக்கிக்கொண்டு வாருங்கள். முத்திரை தேதி, சீரியல் நம்பர், எத்தனை கிலோ தாங்கும் என்பதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். கல்லை நடுவிலும் நாலு மூலையிலும் வைத்து, வந்த ஐந்து எடையையும் பக்கத்திலேயே குறியுங்கள். முத்திரை தேதி முடிந்திருந்தால் யார், எந்தக் கிழமை தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் போவது என்பதையும் அதே கூட்டத்தில் பேர் போட்டு முடிவு செய்துவிடுங்கள்.